வேலைக்கும் வில்லங்கம் பார்க்கலாம்: ப்ளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்குத் தொழில்களை விசாரிப்பது எப்படி?

கேள்வி இது: மகள் ப்ளஸ் டூவில் உயிரியல்–கணிதப் பிரிவு படிக்கிறாள். மாமா கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார், டியூஷன் ஆசிரியர் நர்சிங் என்கிறார், அவளுக்கோ ‘ரேடியாலஜி’ மேல் ஆசை. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் படித்ததில்லை. அட்மிஷன் தொடங்குவதற்குள் எதை, யாரிடம், எப்படி விசாரிப்பது?

ஐந்து சென்ட் மனை வாங்கப் போனால் பட்டா பார்க்கிறோம், முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம், மழைக்குத் தண்ணீர் தேங்குமா என்று பக்கத்து வீட்டில் கேட்கிறோம். நான்கு வருடப் படிப்புக்கு மட்டும் ஒரு பேனரையும் ஒரு உறவினரையும் நம்பிப் பணம் கட்டிவிடுகிறோம். மனையைப் பார்க்கும் கண்ணோடு வேலையையும் பார்க்க முடியும். பொதுத்தேர்வு முடிந்து ரிசல்ட் வரும்வரை கிடைக்கும் ஐந்தாறு வாரம் அதற்குப் போதும்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு வேலைக்கு ஒரு பக்கம். பக்கத்தின் தலைப்பில் படிப்பின் பெயரை எழுதாதீர்கள், வேலையின் பெயரை எழுதுங்கள். விசாரணை தடம் மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உங்கள் மகள் சொல்லும் ‘ரேடியாலஜி’யையே எடுத்துக்கொள்வோம். ஸ்கேன் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட். அவர் எம்பிபிஎஸ் முடித்து, அதன்மேல் எம்டி போன்ற மேற்படிப்பு முடித்த டாக்டர். ப்ளஸ் டூ முடித்து நேராகச் சேரக்கூடியது பிஎஸ்சி ரேடியோகிராபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி. அதைப் படித்தவர் ரேடியோகிராபர். எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ படத்தை எடுப்பவர் அவர்தான், ஆனால் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுபவர் அவர் இல்லை. இரண்டும் கௌரவமான வேலை. ஆனால் ஒன்றை நினைத்துக்கொண்டு மற்றொன்றில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் வருடத்தில் பிள்ளை உடைந்துபோகும். அதேபோல் ‘கம்ப்யூட்டர் சயின்ஸ்’ என்பது படிப்பு. அதற்குள் டெவலப்பர், டெஸ்டர், சப்போர்ட் இன்ஜினியர், டேட்டா அனலிஸ்ட் என்று அன்றாடம் வேறு வேறாக இருக்கும் பல வேலைகள். நர்சிங்கிலும் ஐசியூ நர்ஸின் நாளும் பள்ளி நர்ஸின் நாளும் ஒன்றல்ல.

வேலைகளின் பெயர் தெரியவில்லை என்றால் மத்திய அரசின் தேசியத் தொழில் வகைப்பாடு 2015 இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. சுமார் 3,600 வேலைகளுக்கு, ஒவ்வொன்றிலும் என்ன செய்கிறார்கள் என்று சிறு குறிப்பு உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓநெட் தளம் இன்னும் விரிவானது. வேலையின் பணிகளையும் சூழலையும் தெரிந்துகொள்ள அது நன்றாக உதவும். சம்பளத்துக்கும் வேலைவாய்ப்புக்கும் அதைப் பார்க்க வேண்டாம், அது அந்த நாட்டுக் கணக்கு. பணம் வாங்கிக்கொண்டு ‘ஆப்டிட்யூட் டெஸ்ட்’ வைப்பவர்களிடம் ஓட வேண்டியதில்லை. விருப்பங்களை ஆறு வகையாகப் பிரிக்கும் ஹாலண்ட் முறைக் கேள்வித்தாள் அதே ஓநெட்டில் இலவசம். பட்டியலில் பெயர் சேர்க்க அது பயன்படும், முடிவெடுக்க அதை நம்ப வேண்டாம்.

பத்துப் பன்னிரண்டு பெயர் சேர்ந்ததும் வில்லங்கம் பாருங்கள்

பிடித்திருக்கிறதா என்று யோசிப்பதற்கு முன்பே, கதவு திறக்குமா என்று பார்த்துவிட வேண்டும். ஒரு மாலையில் பாதிப் பட்டியல் கழிந்துவிடும்.

உடல்தகுதிதான் அதிகம் பேரைக் கடைசி நேரத்தில் வீழ்த்துவது. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (ரயில் இன்ஜின் உதவி ஓட்டுநர்) ஆக ஏ-1 மருத்துவத் தரம் வேண்டும். நிறக்குருடு இருந்தால் முடியாது, லேசிக் அறுவை செய்துகொண்டவர்களும் தகுதியில்லை. கண்ணாடியைக் கழற்றினால் வேலை கிடைக்கும் என்று எண்ணிப் பணம் செலவழித்து லேசிக் செய்து, அதனாலேயே வாய்ப்பை இழப்பவர்கள் உண்டு. விமானி ஆக விரும்புபவர் பயிற்சிப் பள்ளிக்கு ஒரு ரூபாய் கட்டும் முன் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவச் சோதனையும் பிறகு முதல் வகுப்பும் முடித்துவிட வேண்டும். கப்பல் வேலைக்கும் நிறப்பார்வை கட்டாயம். நிறப்பார்வையைக் கண் மருத்துவர் இஷிஹாரா அட்டையைக் காட்டிச் சில நிமிடத்தில் சொல்லிவிடுவார். எந்தத் துறையானாலும் இதை ஒருமுறை பார்த்து வைப்பது நல்லது.

அடுத்தது பாடப்பிரிவு. உங்கள் மகளுக்கு உயிரியலும் கணிதமும் இருப்பதால் இரண்டு பக்கக் கதவும் திறந்திருக்கிறது. கணிதம் இல்லாத பிரிவில் படித்திருந்தால் பெரும்பாலான பொறியியல் பிரிவுகளும் பி.ஆர்க்கும் கைவிட்டுப் போயிருக்கும். சட்டம், சிஏ போன்றவற்றுக்கு எந்தப் பிரிவானாலும் தடையில்லை. நுழைவுத் தேர்வு விதிகள், குறிப்பாக மருத்துவம் சார்ந்த படிப்புகளில், ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. போன வருடம் சேர்ந்த பெண் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் இந்த வருடத்து விளக்கக் கையேட்டைத் தரவிறக்கிப் படித்து உறுதிசெய்யுங்கள்.

மூன்றாவது, உரிமமும் பட்டத்தின் சரியான பெயரும். நர்சிங்குக்கு இந்திய நர்சிங் கவுன்சிலும் மாநில கவுன்சிலும், பார்மசிக்கு இந்திய பார்மசி கவுன்சில் (பிசிஐ), சட்டத்துக்கு பார் கவுன்சில், பொறியியலுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அமைப்பின் அங்கீகாரம் வேண்டும். ரேடியோகிராபி போன்ற துணை மருத்துவப் படிப்புகளுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தேசிய ஆணையம் வந்திருக்கிறது. இந்தப் படிப்புகளில் ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள் ஏராளம். இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்ஆர்பி முன்பு ரேடியோகிராபர் பணிக்கு வெளியிட்ட அறிவிக்கை ஒன்றை எடுத்து, ‘கல்வித் தகுதி’ என்ற பத்தியைப் படியுங்கள். நீங்கள் பார்க்கும் கல்லூரி தரப்போகும் சான்றிதழின் பெயரையும், அதை வழங்கும் பல்கலைக்கழகத்தையும் அதனோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் கல்லூரி அலுவலகத்தில், “இந்தப் பட்டத்தோட எம்ஆர்பிக்கு அப்ளை பண்ண முடியும்னு எழுதித் தருவீங்களா?” என்று கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் அந்தக் கல்லூரியை அடித்துவிடலாம். அப்படியே பழைய அறிவிக்கைகளின் தேதிகளையும் காலியிட எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு அறிவிக்கைக்கு நடுவே எத்தனை வருடம் என்பதுதான் ‘கவர்மென்ட் வேலை கிடைக்கும்’ என்ற பேச்சின் உண்மையான எடை.

ஆளைப் பிடித்துக் கேட்பது

பட்டியல் நான்கைந்தாகக் குறைந்திருக்கும். இனி மனிதர்களிடம் போக வேண்டும். எந்த இணையதளமும் தராத தகவல் இங்கேதான் கிடைக்கும்.

ஒவ்வொரு வேலைக்கும் மூன்று பேர் போதும்: சேர்ந்து ஒன்றிரண்டு வருடமானவர், எட்டுப் பத்து வருடம் ஆனவர், அந்த வேலையை விட்டு வந்தவர். மூன்றாமவரைத் தேடுவது கொஞ்சம் கஷ்டம், ஆனால் விட்டுவிடாதீர்கள். இருப்பவர் சொல்லத் தயங்குவதை அவர்தான் சொல்வார். இருபது வருடத்துக்கு முன் நுழைந்து இன்று உயரத்தில் இருப்பவரின் அறிவுரையை மரியாதையோடு கேட்டுக்கொள்ளலாம், ஆனால் அவர் நுழைந்த கதவு இன்று அந்த இடத்தில் இல்லாமல் இருக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் சொல்வதும் அப்படித்தான்.

எங்கே பிடிப்பது? உங்கள் ஊர் ஸ்கேன் சென்டருக்கு மதியம் இரண்டு, மூன்று மணி வாக்கில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்வியை அவளே கேட்கட்டும். “அண்ணா, ப்ளஸ் டூ படிக்கிறேன். இந்த வேலைக்குப் படிக்கலாமான்னு யோசிக்கிறேன். இருபது நிமிஷம் பேச முடியுமா? இப்ப முடியலன்னா எப்ப வரட்டும்?” என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. ஐடி வேலைக்கு லிங்க்ட்இன்னில் நீங்கள் பார்க்கும் கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேடினால், மூன்று வருடத்துக்கு முன் அங்கே முடித்தவர்கள் இன்று எந்த நிறுவனத்தில் என்ன பொறுப்பில் இருக்கிறார்கள் என்று வரிசையாக வரும். அந்தப் பட்டியலைப் பார்ப்பதே பாதி விசாரணை. ஆனால் நல்ல வேலையில் இருப்பவர்கள்தான் அங்கே அதிகம் பதிவு செய்திருப்பார்கள் என்பதை மனதில் வையுங்கள்.

கேட்கும் விதத்தில்தான் சூட்சுமம். “வேலை நல்லா இருக்கா?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். “நேத்து காலைல உள்ள வந்ததிலிருந்து வீட்டுக்குப் போற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க?” என்று கேளுங்கள். ரேடியோகிராபர் என்றால் சீட்டில் இருக்கும் பெயரும் நோயாளியும் ஒன்றா என்று சரிபார்த்தது, பெண்களிடம் கர்ப்பமா என்று கேட்டது, எம்ஆர்ஐ அறைக்குள் போகுமுன் பேஸ்மேக்கர், உடம்பில் பதித்த உலோகம் எல்லாம் விசாரித்தது, படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி தேவைப்பட்டவருக்கு, சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் அளவு பார்த்தது, எழுந்து உட்கார முடியாத முதியவரைப் புரட்டிப் படுக்கவைத்தது, ஐசியூவுக்குப் போர்ட்டபிள் மெஷினைத் தள்ளிக்கொண்டு போனது, நைட் ஷிப்ட் என்று எல்லாம் வெளியே வரும். இயந்திரத்தின் முன் உட்காரும் வேலை என்று நினைத்திருந்த பிள்ளை, நாளில் பாதி நேரம் நோயாளியைத் தூக்குவதும் தேற்றுவதும்தான் என்பதை அன்று தெரிந்துகொள்ளும். அது சிலருக்கு ஆசையைக் கூட்டும், சிலருக்குக் குறைக்கும். இரண்டுமே லாபம்.

இடத்தையும் எடைபோடலாம். கதிர்வீச்சோடு வேலை செய்பவர் ஈய ஏப்ரனுக்கு அடியில், மார்பில் ஒரு சிறிய டிஎல்டி பேட்ஜ் அணிந்திருக்க வேண்டும். அவர் உடம்பு எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியது என்பதை அது பதிவு செய்யும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு பார்க்க அனுப்பப்படும். “பேட்ஜ் எங்கே, கடைசியா ரீடிங் எப்ப வந்துச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். பேட்ஜே இல்லாத சென்டரில் பிற்காலத்தில் மகள் வேலைக்குச் சேரக்கூடாது என்பதும் அந்த விசாரணையில் தெரிந்துவிடும்.

சம்பளத்தை நேரடியாகக் கேட்டால் சங்கடம். “இப்ப புதுசா சேர்றவங்களுக்குக் கைல எவ்வளவு குடுக்கிறாங்க? அஞ்சு வருஷம் ஆனவங்களுக்கு?” என்று பொதுவாகக் கேட்டால் ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள். எல்லாவற்றிலும் சிறந்த கேள்வி இது: “உங்க கூடப் படிச்சவங்கள்ல பத்துப் பேரைச் சொல்லுங்க, அவங்க இப்ப எங்க இருக்காங்க?” அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்குவார். நான்கு பேர் அதே வேலை, இரண்டு பேர் வெளிநாடு, ஒருவர் பேங்க் தேர்வு, மூன்று பேர் கல்யாணமாகி நிறுத்திவிட்டார்கள் என்று வரும். அந்தப் பத்துப் பேரின் கதி ஒரு புள்ளிவிவரத்தைவிட உங்களுக்கு அதிகம் சொல்லும். ஏன் நிறுத்தினார்கள் என்று அடுத்துக் கேட்டால் ஷிப்டா, சம்பளமா, இடுப்பு வலியா, போக்குவரத்தா என்பதும் தெரியும்.

ஒருவரை மட்டும் நம்பவே கூடாது: “இந்தக் காலேஜ்ல சீட் வாங்கித் தர்றேன்” என்று வருபவரை. அட்மிஷனுக்குக் கமிஷன் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர் உங்கள் சொந்தக்காரராகவே இருந்தாலும், அதிலிருந்து அவருக்கு என்ன கிடைக்கிறது என்று தெரியும்வரை அவர் சொல்வதை நோட்டில் எழுத வேண்டாம்.

கல்லூரி சொல்லும் எண்ணை உடைத்துப் பார்ப்பது

‘95% பிளேஸ்மென்ட்’ பேனருக்கு முன் நிற்கும்போது கேட்க வேண்டியது, எதில் 95 சதவீதம் என்பதே. அரியர் உள்ளவர்களையும் குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் குறைந்தவர்களையும் கழித்துவிட்டு, ‘தகுதி பெற்றுப் பதிவு செய்தவர்’களில் மட்டும் கணக்கிடுவது உண்டு. ஒரே மாணவருக்கு மூன்று ஆஃபர் வந்தால் மூன்றாக எண்ணுவதும் உண்டு.

2016 முதல் மத்திய அரசு வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள், தாங்கள் கொடுத்த தரவைத் தங்கள் இணையதளத்திலேயே வைக்க வேண்டும். தரவரிசை எண்ணை மறந்துவிட்டு அந்த பிடிஎஃபைத் திறந்து, நான்கு வருட இளநிலைப் படிப்புக்கான அட்டவணைக்குப் போங்கள். முதலாண்டு சேர்ந்தவர், நேரடி இரண்டாம் ஆண்டு சேர்ந்தவர், குறித்த காலத்தில் முடித்தவர், வேலை பெற்றவர், சம்பள இடைநிலை அளவு, மேற்படிப்புக்குப் போனவர் என்று கட்டங்கள் இருக்கும். உதாரணத்துக்கு அவை 240, 20, 195, 88, 3,00,000, 12 என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்த 260 பேரில் 65 பேர் குறித்த காலத்தில் முடிக்கவில்லை. முடித்த 195இல் வேலையும் மேற்படிப்பும் சேர்த்து 100 பேர். 95 பேர் எந்தக் கணக்கிலும் இல்லை. வேலை பெற்றவர்களிலும் பாதிப் பேர் மூன்று லட்சமோ அதற்குக் கீழோ வாங்குகிறார்கள். பேனர் சொல்லாத எல்லாமே இந்த ஒரு வரிசையில் இருக்கிறது. இரண்டு குறைகள் உண்டு: இது கல்லூரியே தரும் தரவு, மேலும் எல்லாப் பிரிவையும் ஒன்றாகக் கலந்து தருகிறது. ஆகவே பிரிவு வாரியான எண்ணைக் கல்லூரியில் கேட்டு வாங்குங்கள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளானால் பல்கலைக்கழகம் வெளியிடும் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

‘நாலு லட்சம் பேக்கேஜ்’ என்பதையும் உடைக்க வேண்டும். நான்கு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 33,333 என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் பேக்கேஜ், அதாவது சிடிசி, என்பது உங்கள் பிள்ளைக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. அதில் வேரியபிள் பே (மாதாமாதம் நிச்சயமாக வராத, செயல்திறனைப் பொறுத்த தொகை) 40,000, நிறுவனத்தின் பிஎஃப் பங்கு 21,600, கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஒதுக்கீடு சுமார் 9,600, காப்பீடு 6,000 என்று வைத்தால் மிச்சம் ஏறக்குறைய 3,22,800. அதிலிருந்து ஊழியரின் பிஎஃப் பங்கு இன்னொரு 21,600 போகும். கைக்கு வருவது மாதம் சுமார் 25,000. அதிலிருந்துதான் சென்னையிலோ பெங்களூரிலோ தங்கவும் சாப்பிடவும் வேண்டும்.

இதை எஜுகேஷன் லோனோடு சேர்த்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வருடத்துக்கு 1,25,000 வீதம் நான்கு வருடத்தில் ஐந்து லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை இல்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தனிவட்டியாகப் போட்டாலே 1,75,000 சேர்ந்து, திருப்பத் தொடங்கும்போது கடன் 6,75,000. பத்து வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 8,900. கையில் 25,000 வாங்கும் பிள்ளைக்கு இது மூன்றில் ஒரு பங்கைவிட அதிகம். முதல் சம்பளம் 15,000 என்று விசாரணையில் வந்தால், அந்த வேலைக்கு இந்த அளவு கடன் தாங்காது. அரசுக் கல்லூரியிலோ குறைந்த கட்டணத்திலோ கிடைத்தால் மட்டுமே போகலாம் என்று அந்தப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

உங்கள் வீட்டில் இவள்தான் முதல் பட்டதாரி என்பதால் இன்னொன்று. முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பியுங்கள். ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் தொழிற்படிப்பு சேர்ந்தால்தான் அந்தக் கட்டணச் சலுகை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும், புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் கணக்கில் வரும். இவற்றைச் சேர்த்தால் சில பக்கங்களின் செலவு தலைகீழாக மாறிவிடும்.

சந்தையைத் தொட்டுப் பார்ப்பது

மிச்சமிருக்கும் இரண்டு மூன்று வேலைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் இருபது வேலை விளம்பரங்களைச் சேருங்கள். தமிழ்நாடு தனியார் வேலைவாய்ப்புத் தளம், மத்திய அரசின் என்சிஎஸ் தளம், தனியார் தளங்கள் எல்லாவற்றிலும் தேடலாம். எந்த ஊர், எத்தனை வருட அனுபவம், என்ன சான்றிதழ், என்ன சம்பளம் என்று நான்கு கட்டம் போடுங்கள். இருபதில் எத்தனை விளம்பரம் அனுபவம் இல்லாதவரை எடுக்கிறது என்ற எண்தான் முக்கியம். பதினேழு விளம்பரம் இரண்டு வருட அனுபவம் கேட்டால், அந்த முதல் இரண்டு வருடத்தை எங்கே, எந்தச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார்கள் என்பது அடுத்த விசாரணை. உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கு ஒருமுறை நேரில் போங்கள். பதிவு செய்ய மட்டுமே அங்கே போவது என்று பலர் நினைக்கிறார்கள். ஆலோசனையும் இலவசம், தனியார் வேலைவாய்ப்பு முகாம் எப்போது என்பதும் தெரியும். அந்த முகாமுக்கு மகளோடு போய், நிறுவனங்கள் எந்தப் பட்டத்துக்கு என்ன சம்பளம் சொல்கின்றன என்று சும்மா சுற்றிக் கேட்டுவிட்டு வரலாம்.

கடைசியாக, செய்து பார்ப்பது. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் தினம் ஒரு மணி நேரம், முப்பது நாள், பைத்தான் அடிப்படை ஏதாவது இலவச வகுப்பில். எத்தனை பாடம் முடித்தாள் என்று பார்க்காதீர்கள். புரோகிராம் ஓடாமல் பிழை காட்டும்போது இன்னும் அரை மணி நேரம் அதோடு மல்லுக்கு நிற்கிறாளா, மூடி வைத்துவிடுகிறாளா என்று பாருங்கள். அந்த வேலையின் பெரும்பகுதி அந்த அரை மணி நேரம்தான். மருத்துவமனை வேலையை வீட்டில் செய்து பார்க்க முடியாது. அனுமதி கிடைத்தால் ஒரு முழு ஷிப்ட் காத்திருப்போர் பகுதியில் உட்கார்ந்து பார்க்கட்டும். கணக்குத் துறை என்றால் தெரிந்த கடைக்காரரிடம் ஒரு மாத பில்களை வாங்கி வரவு செலவு எழுதிப் பார்க்கட்டும்.

இரண்டு வேலை சமமாக நின்றால், இடையில் விட நேர்ந்தால் எதில் இழப்பு குறைவு என்று பார்த்து அதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாம் வருடத்தில் நிறுத்தினால் கையில் எதுவும் மிஞ்சாத படிப்பு உண்டு. முடித்தபின் வேறு துறைக்குத் திரும்ப வழியுள்ள படிப்பும் உண்டு. பொறியியல் கலந்தாய்வுக்கும் மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பித்து வைக்கலாம், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. எங்கே பணம் கட்டினாலும் ரசீது வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பிக் கேளுங்கள். மாணவர் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றியும், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்றும் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018இலேயே அறிவித்திருக்கிறது. கலந்தாய்வின் அடுத்த சுற்றில் நல்ல இடம் வந்தால் அந்தச் சான்றிதழ்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.